அணைக்கு முன் பங்கீடு

மண்ணரிப்பைத் தடுக்கக் கரையும் அணையும் போதும் என்று கருதுவோர் பலர். ஹரியானா மாநிலத்தில், சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்திலுள்ள சுகோமாஜ்ரி கிராமத்தின் அனுபவம் வேறு பாடம் புகட்டுகின்றது.

சண்டிகரில் 1958-இல் அமைக்கப்பெற்ற சுக்னா ஏரி, இக்குன்றுகளினின்று அடித்து வரப்பட்ட வண்டலால் விரைந்து தூர்ந்தது. 1970-களில் மண்வள விஞ்ஞானி பி. ஆர். மிஸ்ராவும் அவர்தம் குழுவினரும் இக்கிராமத்தில் மண்ணணைகள் எழுப்பினர். தொடக்கத்தில் நிலமுடையோர் சிலரே அந்நீரால் பயனுற்றனர். ஆதலின் ஏனையோர் மேய்ச்சலை நிறுத்த முன்வரவில்லை. பின்னர், நிலமற்றோர் உட்பட ஒவ்வொரு குடும்பத்திற்கும் நீரில் சமபங்கு அளிக்கப்பட்டது. வேண்டாதோர் தம் பங்கை விற்கவும் வழியிருந்தது. நீரில் உரிமை பெற்றோர், அந்நீரைத் தரும் குன்றைத் தாமே காத்தனர். புல்லும் மரமும் தழைத்தன.

ஆகவே, களப்பணியாளர் அணைக்கு இடம் அளக்குமுன், யாருக்கு எவ்வளவு நீர் என்பதை ஊரார் கூடி முடிவு செய்யுமாறு செய்தல் வேண்டும். ஆசிரியர்கள் மழைக்கால ஓடை நீரைக் கண்ணாடிக் குவளையில் தெளியவிட்டு, அடியிற் படியும் மண்ணை மாணவர்க்குக் காட்டுதல் நன்று. இழப்பு அனைவர்க்கும் பொது எனின், பயனும் பொதுவாதலே முறை.