நிறுத்துப் பார்த்தால் மட்டும் போதுமா?

கம்பளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், குழந்தைகளின் நிறை பார்க்கும் கிளினிக்கில் ஒரு முற்பகலைக் கழித்தேன். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்த தாய்மார் வரிசையில் நின்றனர். குடும்பநல உத்தியோகத்தர் சிங்களப் பெண்மணி, அன்பானவர். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார், பதிவேட்டில் புள்ளியிட்டார், தமக்குத் தெரிந்த தமிழில் "முட்டை குடு, பருப்பு குடு" என்றார். தாய் தலையசைத்தார். அடுத்த பிள்ளை!

இச்சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழிவந்தது அது. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வீடு வீடாக ஏறியிறங்கும் இப்பெண்கள் இல்லையேல், சிசு மரணத்தைக் குறைத்த நாடென்று இலங்கை பெருமைப்பட்டிருக்க இயலாது. ஆனால் பிள்ளை பிழைப்பது வேறு, அதன் அறிவு மலர்வது வேறு.

பெற்றோருக்கு ஆலோசனை கூறச் சுகாதாரப் பணியாளரைப் பயிற்றுவிப்பதற்கென உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வகுத்த பாடத்திட்டம் ஒன்றுண்டு. அதன் சாரம் உபதேசமன்று. பிள்ளையோடு எப்படி விளையாடுகிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள் என்று தாயிடம் முதலில் கேட்க வேண்டும், கவனிக்க வேண்டும், பாராட்ட வேண்டும், பின்னரே, புதியதொன்றை அவரையே செய்துபார்க்கச் சொல்ல வேண்டும். தாயின் மொழி தெரியாமல் இதில் எந்தப் படியைத் தாண்ட முடியும்? தராசுக்கு மொழி தேவையில்லை, ஆலோசனைக்குத் தேவை.

யமேக்காவின் கிங்ஸ்டன் நகரில், 1986–87இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள், வாரம் ஒரு மணிநேரம் வீதம் இரண்டாண்டுகள் சென்று, வீட்டுப் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களுடன் தாயையும் பிள்ளையையும் விளையாட வைத்தனர். இருபதாண்டுகளின் பின், அப்பிள்ளைகளின் சம்பாத்தியம் ஏனையோரினதைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அப்பணியாளர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர்.

ஆகவே, தோட்டப் பகுதிகளுக்குத் தமிழ் தெரிந்த பெண்களைப் பயிற்றுவித்து நியமிப்பதே முதல் வேலை. மொழிக் கொள்கை பற்றி எத்தனையோ ஆசிரியத் தலையங்கம் எழுதித் தள்ளியவன் நான். இத்தராசடியில் அதைப் பற்றி ஒருநாளும் எழுதவில்லை என்பது இப்போது உறைக்கிறது.

மற்றொன்று. காலையில் மலையேறும் தாய் மாலையில்தான் பிள்ளையைத் தூக்குகிறார். பகல் முழுவதும் அது பிள்ளைக்காம்பரா ஆயம்மாவிடமோ பாட்டியிடமோதான் இருக்கிறது. அன்று வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் மடியிலிருந்த பேரனோடு ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார். அவனும் ஏதேதோ மிழற்றினான். பாடத்திட்டம் சொல்லித்தர விரும்புவது இதைத்தானே! அவரையும் ஆயம்மாவையும் விட்டுவிட்டு எவருக்குப் பயிற்சி? தாயும் வரவேண்டுமாயின், அன்றைய நாட்சம்பளம் வெட்டப்படாதென்ற உறுதியைத் தோட்ட நிர்வாகங்கள் எழுத்தில் தரவேண்டும்.