ஜன்னலோர சீட்டு - 11: பொட்டிய எந்த ஊர்ல இறக்குறது?

ரொம்ப நாளா கடைய பூட்டியே வச்சிருந்தேன். தீசிஸ் ஆணி ஒரு பக்கம், அப்பா அம்மா வருகை இன்னொரு பக்கம். அவங்க ஊருக்குத் திரும்பிப் போயி ஒரு வாரம் ஆச்சு. அம்மா விட்டுட்டுப் போன பருப்புப்பொடி டப்பாவும் நானும்தான் இப்ப ரூம்ல.

போன முறையே சொன்ன மாதிரி இந்த வாரம் சுவிஸ் கதை. எங்கெங்க போனோம், என்னென்ன பாத்தோம்னு எழுதப் போறதில்ல, அதுக்குப் படம் போட்டு எழுதுறவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. நான் மண்டைய உடைச்சிக்கிட்டது ஒரே விஷயத்துக்குத்தான். நாலு நாள், ரயில்லயே சுத்தணும், தினமும் பொட்டிய தூக்கிக்கிட்டு அலைய முடியாது. அப்ப எந்த ஊர்ல ரூம் போடுறது?

இதுல நான் ஏற்கனவே ஒரு தடவ பல்பு வாங்கினவ. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஜெர்மனி வந்த மொத வருஷம், அக்டோபர்ல, கார்ல்ஸ்ரூஹேல இருந்து பாசல், பேர்ன் வழியா தனியா கெளம்பிப் போனேன். மேப்பைப் பாத்தா இண்டர்லாக்கன் நட்ட நடுவுல, ரெண்டு ஏரிக்கு நடுவுல இருந்துச்சு. ஹாஸ்டலும் மலிவு. போட்டாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது மலைக்கு வாசப்படி, மலை இல்ல. ஊரோட உயரமே 567 மீட்டர்தான். காலையில எந்திரிச்சா தலைக்கு மேல மேகம். மேல தெளிவா இருக்கா, இல்ல மேலயும் இதே கதியான்னு கீழ நின்னு பாத்தா தெரியாது. எங்க போகணும்னாலும் மொதல்ல 20 நிமிஷமோ 35 நிமிஷமோ ரயில், அப்புறம் மாறி அடுத்த ரயில். மேகம் வெலகுற சாயங்கால நேரத்துல நான் பத்திரமா கீழ எறங்கி வந்துக்கிட்டு இருப்பேன் :-(

யுங்ஃப்ராயோக் டிக்கெட்டை முன்கூட்டியே தேதி போட்டு வாங்கியிருந்தேன். 3454 மீட்டர் உயரத்துல, ஒரு மாசச் சாப்பாட்டுக் காசக் குடுத்து, நான் பாத்தது ஒரு வெள்ளச் சுவரு. மேல வச்சிருக்கிற வெப்கேமராவ காலையில ஒரு பார்வ பாத்துட்டு அப்புறம் டிக்கெட் வாங்கணும்ங்கிற அறிவு அப்ப இல்ல.

இன்னொரு கூத்தும் உண்டு. இண்டர்லாக்கன் ஓஸ்ட்ல இருந்து கெளம்புற ரயிலு ட்ஸ்வைலூச்சினன்னு ஒரு ஸ்டேஷன்ல ரெண்டா பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன் போகும், இன்னொரு பாதி கிரிண்டல்வால்ட் போகும். நான் ஜன்னலோர சீட்டு கெடச்ச சந்தோஷத்துல எந்தப் பாதின்னு பாக்காம உக்காந்து, போக வேண்டிய ஊருக்குப் பதிலா அடுத்த பள்ளத்தாக்குல போயி எறங்கினேன். பிளாட்பாரத்துலயும் பெட்டியிலயும் எழுதியிருக்கும், படிச்சுட்டு ஏறுங்க சாமிகளா.

கொசுவத்தி ஓவர். இந்தத் தடவ தனியாள் இல்ல. எங்கப்பா ரயில்வேல கீமேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. மதுரை, மானாமதுரைப் பக்கம், மீட்டர் கேஜ் காலத்துல ஆரம்பிச்சு, தோள்ல சுத்தியலும் ஸ்பேனருமா தினமும் தண்டவாளத்து மேல நடந்தே வாழ்ந்த மனுசன். வலது முழங்கால் அங்கயே போச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. பட்டமளிப்புக்கு வர்றேன்னு சொன்னப்ப டாக்டர் ப்ளேனுக்கு சரின்னுட்டாரு, "ரொம்ப உயரமான எடத்துக்கெல்லாம் வேணாம்"னு ஒரு வார்த்தையும் சேத்து சொல்லிட்டாரு. ஆனா அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "பாப்பா, அந்த ஊர்ல பல்சக்கரத்துல ஏறுற ரயிலு நெறய இருக்காமே?"

அம்மா கேட்டதும் ஒண்ணே ஒண்ணு. "ஏண்டி, அடுப்பு இருக்குமா?"

ஆக யுங்ஃப்ராயோக் கட். சமையலறை உள்ள வீடா வேணும். ஸ்டேஷனுக்குப் பக்கத்துல, மேடு ஏறாம போற மாதிரி வேணும். இதை வச்சிக்கிட்டு ஊர் ஊரா அடிச்சுத் தள்ளினேன். இண்டர்லாக்கன் மேல சொன்ன காரணத்துக்காக அவுட் (இந்தியச் சாப்பாட்டுக் கடை வேணும்னா அங்கதான், அம்மா இருக்கையில அது எதுக்கு). கிரிண்டல்வால்ட், 1034 மீட்டர், ஐகர் மலை வாசல்லயே நிக்கும், ரோடு இருக்கு, பஸ் இருக்கு. 2020 டிசம்பர்ல திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ்ல 15 நிமிஷத்துல மேல ஐகர்கிளெட்ஷர் போயிரலாம். ஆனா அது கேபிள் கார். அப்பாகிட்ட வீடியோ அனுப்பினேன். "தொங்குற பொட்டியில போறதுக்கா ப்ளேன் ஏறி வர்றேன்?"ன்னுட்டாரு. தவிர ஊரு சரிவுல நீளமா படுத்துக் கெடக்கு, கம்மி வாடகை வீடெல்லாம் ஸ்டேஷன்ல இருந்து மேடேறிப் போகணும்.

ம்யூரன் 1638 மீட்டர்ல மலை விளிம்புல உக்காந்திருக்கு. எனக்குக் கேட்டா சொர்க்கம்பேன். ஆனா லாட்டர்புருன்னன்ல எறங்கி, கேபிள் கார்ல க்ரூட்ஷால்ப் போயி, அங்க இருந்து குட்டி ரயிலு. ரெண்டு சூட்கேஸ், ஒரு எலக்ட்ரிக் குக்கர், ஒரு முழங்கால். வேணாம்.

கடைசியா நின்னது வெங்கனும் லாட்டர்புருன்னனும். யார்கிட்ட கேட்டாலும் வெங்கன்னுதான் சொன்னாங்க. 1274 மீட்டர், மலைத்திட்டுல, காருக்கே எடமில்லாத ஊரு. பல்சக்கர ரயிலு ஊரு நடுவுலயே எறக்கிவிடும். பால்கனியில நின்னா யுங்ஃப்ராவ் மூஞ்சிக்கு நேரா. லாட்டர்புருன்னன் அதுக்கு நேர் கீழ, 800 மீட்டர் உயரத்துல, ரெண்டு செங்குத்துப் பாறைக்கு நடுவுல இருக்கிற பள்ளம். வெயிலு லேட்டா வரும், சீக்கிரம் போயிரும். ஸ்டாவ்பாக் அருவி 297 மீட்டர் உயரத்துல இருந்து விழுறதப் படம் புடிக்கிற கூட்டம் வேற. பகல்ல வர்றவங்களுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாமான்னு 2024-ல பேச்சு அடிபடுற அளவுக்குக் கூட்டம்.

வெங்கன்ல ஒரு வீடு பாத்து வச்சு, பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போயிட்டேன். ராத்திரி ஒரு மணி. அப்பதான் அந்த நெனப்பு வந்துச்சு. அந்த ஊருக்கு ரோடு கெடையாது. இதே மாதிரி ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அப்பா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா? கடைசி ரயிலு போயிருக்கும். ஹெலிகாப்டர் வரும், லாட்டர்புருன்னன்லயே தளம் இருக்கு. ஆனா மேகம் எறங்கியிருந்தா? பொதுவா அங்க வாழுற மக்களுக்கு ஏதோ ஏற்பாடு இருக்கத்தான் செய்யும், தெரியும். ஆனா அந்த நேரத்துல என் மண்டைக்கு அதெல்லாம் ஏறல. லாட்டர்புருன்னன்ல இருந்து இண்டர்லாக்கன் ஆஸ்பத்திரிக்கு கார்ல 20 நிமிஷம். ஜன்னல மூடிட்டு, ஸ்டேஷனுக்கு மூணு நிமிஷ நடையில, கீழ, பள்ளத்துல ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினேன்.

வீட்டுல யார்கிட்டயும் காரணம் சொல்லல. "கீழ வாடகை கம்மி"ன்னு சொல்லி வச்சேன். பொய்யும் இல்ல.

இப்ப போயிட்டு வந்த அனுபவத்துல சொல்றேன், பல்சக்கர ரயிலு பாக்கணும்னு வர்றவங்களுக்கு அந்தப் பள்ளம் ஒண்ணும் மோசமில்ல. ஒரே ஸ்டேஷன்ல இண்டர்லாக்கன் ரயிலும் வெங்கன் ரயிலும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். எதுத்தாப்புல ம்யூரன் போற கேபிள் கார். காலையில கேமராவ பாத்துட்டு, எந்தப் பக்கம் தெளிவா இருக்கோ அந்தப் பக்கம் ஏறலாம். மேகம் மூடின ரெண்டாவது நாள் அம்மாவும் நானும் ட்ரூமெல்பாக் போனோம். மலை வயித்துக்குள்ள 10 அருவி, ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூணோட பனித்தண்ணியும் பாறையக் கொடஞ்சு அது வழியாத்தான் எறங்குது. வெளிய மேகமா வெயிலான்னு உள்ள தெரியவே தெரியாது. படிக்கட்டு வழுக்கும், அப்பாவ கூட்டிட்டுப் போகல. அவரு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து வண்டி எண்ணிக்கிட்டு இருந்தாரு. பாஸ் விஷயம் கேப்பீங்க: சுவிஸ் டிராவல் பாஸ் வெங்கன், ம்யூரன், கிரிண்டல்வால்ட் வரைக்கும் செல்லும், அதுக்கு மேல தள்ளுபடிதான். எங்கள மாதிரி ஒரே எடத்துல தங்கி குட்டிக் குட்டி ரயில்ல போறவங்க அரைக்கட்டண அட்டைய வச்சு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. எங்களுக்கு அதுதான் லாபம்.

மூணாவது நாள் வானம் தொடச்ச மாதிரி இருந்துச்சு. க்ளைன ஷைடெக் 2061 மீட்டர். போலாமா வேணாமான்னு நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது அப்பாவே கணக்க முடிச்சாரு. "போன வருஷம் ஊட்டிக்குப் போயி ரெண்டு நாள் தங்கினேன்ல? அது எம்புட்டு?" ஊட்டி 2240. அட ஆமால்ல!

அம்மாவும் நானும் வெங்கன்ல எறங்கி, கேபிள் கார்ல மென்லிஷன் போயி, அங்க இருந்து ஷைடெக்குக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தோம். பாதை பெரும்பாலும் எறக்கம்தான், அம்மா சேலையிலயே நடந்தாங்க. அப்பா ரயில்லயே நேரா ஷைடெக் போயிட்டாரு. நாங்க போயி சேரும்போது ஐகரோட வடக்குச் சுவரு பின்னாடி நிக்குது, இவரு அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு குனிஞ்சு தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு. "நம்ம ஊட்டி வண்டிக்கு ரெண்டு வரிசைப் பல்லு, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கும். இது வேற மாதிரி"ன்னாரு. ஊட்டியில இருக்கிறது ரோமன் ஆப்ட்னு ஒரு சுவிஸ்காரர் கண்டுபுடிச்ச முறை, அந்த நீராவி எஞ்சின்களயும் மொதல்ல இங்க வின்டர்தூர்லதான் செஞ்சாங்கன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே காலால அளந்தாரு. "நாம வந்த வண்டி எண்ணூறு. அந்தா மேல போற வண்டி ஆயிரம், நம்ம பழைய மீட்டர் கேஜ். அதான் இங்க எல்லாரும் எறங்கி மாறுறாங்க." விக்கிபீடியாவுல தேடிப் பாத்தேன். 800 மில்லிமீட்டர், 1000 மில்லிமீட்டர். மனுசன் கண்ணாலயே அளந்துட்டாரு.

1912-ல திறந்த அந்த மேல போற லைன்ல செவப்பு வண்டி ஒண்ணு கெளம்பிச்சு. அது வளைஞ்சு மறையிற வரைக்கும் பாத்துட்டு, அப்பா "டீ இருக்கா பாப்பா?"ன்னாரு. அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தாங்க.

எறங்கி வரும்போது ரயிலு வெங்கன்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. சாயங்கால வெயிலு பால்கனி பூந்தொட்டியில எல்லாம் பட்டு, ஊரே தங்கம் மாதிரி. அம்மா, "இங்கயே வீடு புடிச்சிருக்கலாம்ல, என்ன பெருசா வாடகை வித்தியாசம்?"னு கேட்டாங்க. நான் போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். அப்பா ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே சொன்னாரு.

"ரோடு இல்லாத ஊருடி இது. பிள்ள கணக்குப் போட்டுத்தான் கீழ எடுத்திருக்கு."

அடுத்த வாரம்: இதே அப்பாவ பட்டமளிப்புக்குக் கோட்டு போட வைக்க நடந்த பஞ்சாயத்து. அதுவரைக்கும், வயசானவங்கள மலைப்பக்கம் கூட்டிட்டுப் போன மக்கள் எங்க ரூம் போட்டீங்கன்னு சொல்லிட்டுப் போங்கப்பா. சித்தி பொண்ணு அவங்க மாமனார் மாமியாரோட வரப்போறாளாம், அவருக்கு கேபிள் கார்னா உசுராம் :-)