விலங்கிட்ட காலும் வீதிக்கு வந்த மக்களும்

2018 நவம்பர் 27. மனைவியுடன் தேனிலவுப் பயணமாகப் பாங்காக் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இளைஞரைத் தாய்லாந்து அதிகாரிகள் பிடித்து வைத்தனர். அவர் பெயர் ஹகீம் அல்-அரைபி. பஹ்ரைன் தேசிய அணியில் கால்பந்து ஆடியவர். 2012-இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானதாகக் கூறும் அவர், 2014-இல் தாயகம் துறந்து ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்தார். காவல் நிலையமொன்றைச் சேதப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டி, அவர் இல்லாமலேயே விசாரித்து, 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது பஹ்ரைன். அந்நேரத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டமொன்றில் தாம் ஆடியதாக அவர் எடுத்துரைத்தார். 2017-இல் ஆஸ்திரேலியா அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது.

அகதி எந்நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ, அந்நாட்டின் வேண்டுகோளை ஏற்று அவர்மீது சிவப்பு அறிவிக்கை விடுக்கலாகாது என்பது இன்டர்போலின் சொந்த விதி. ஆயினும் விடுக்கப்பட்டது. அவர் வருகிற செய்தியைத் தாய்லாந்துக்கு அறிவித்ததோ, அடைக்கலம் தந்த ஆஸ்திரேலியாவின் காவல்துறையே! சில நாட்களில் இன்டர்போல் அறிவிக்கையை விலக்கிக்கொண்டது. சிறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. அவரை ஒப்படைக்குமாறு பஹ்ரைன் கேட்டுக்கொண்டிருந்தது. தஞ்சம் புகுந்தோரை ஒப்படைக்கக் கோரி வந்த குறைஷித் தூதர்களை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பிய ஹபஷா மன்னர் நஜ்ஜாஷியின் வரலாறு நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்ததுதானே?

காகிதத்து விதி கைவிட்ட இடத்தில் மக்கள் வந்து நின்றனர். ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் கிரெய்க் ஃபாஸ்டர், முன்பின் அறிந்திராத அந்த இளைஞருக்காக ஊர் ஊராகப் பேசினார். சூரிச் நகரில் ஃபிஃபா தலைமையகத்தின் கதவையும் தட்டினார். சிட்னியிலும் மெல்போர்னிலும் ஹகீமின் பெயரெழுதிய பதாகைகளுடன் மக்கள் திரண்டனர். அவர்களுள் பலர் அரசியல் ஊர்வலம் எதையும் அறியாத கால்பந்து ரசிகர்கள். தாய்லாந்தில் நடக்கவிருந்த தம் இளையோர் அணியின் ஆட்டத்தையே ஆஸ்திரேலியக் கால்பந்துச் சம்மேளனம் ரத்துச் செய்தது.

2019 பிப்ரவரி 4-ஆம் நாள் ஹகீமை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, பந்தை உதைத்த அந்தக் கால்களில் விலங்கு பூட்டியிருந்தது. தம்மைப் பஹ்ரைனுக்கு அனுப்ப வேண்டாமென்று அவர் உரக்கக் குரல் கொடுத்தார். அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. ஒரு வாரத்தில் பஹ்ரைன் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. 76 நாட்களுக்குப் பின் விடுதலையான அவரை மெல்போர்ன் விமான நிலையத்தில் பெருங்கூட்டம் ஆரவாரத்துடன் வரவேற்றது. அடுத்த மாதமே அவர் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனார்.

மகிழ்ச்சியே. ஆயினும் அதே தாய்லாந்தில் 2014 முதல் அடைபட்டுக் கிடந்த உய்குர் முஸ்லிம்களை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. அவர்களுள் யாரும் தேசிய அணியில் ஆடியவரல்லர். அவர்களின் பெயர்களை எந்த அரங்கமும் முழங்கவில்லை. அவர்களை அனுப்ப வேண்டாமென்று ஐ.நா.வின் மனித உரிமை வல்லுநர்கள் 2025 ஜனவரியிலேயே கேட்டுக்கொண்டனர். அடுத்த மாதம் 27-ஆம் நாள், அவர்களில் 40 பேர் சீனாவுக்கு விமானம் ஏற்றப்பட்டனர்.