கண்ணிழந்த ஈடிபஸ்

கண்ணுடைய மன்னன் ஈடிபஸ் குருடன். கண்ணில்லாத நிமித்திகன் தைரேசியஸ் காண்பவன். கிரேக்கப் பெரும்புலவர் சாபோக்கிளீஸ் இயற்றிய 'ஈடிபஸ் மன்னன்' என்னும் துன்பியல் நாடகத்தைக் கற்பார் பலரும் இம்முடிபொடு நூலை மூடிவிடுகின்றனர். இம்முடிபு பொய்யன்று, ஆயினும் நிரம்பாதது என்பதே எம் கருத்து.

தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகின்றது. முன்னிருந்த மன்னன் லாயுஸைக் கொன்றவனை அகற்றினாலன்றி அந்நோய் நீங்காதென அப்பொல்லோவின் திருவாக்குப் பிறக்கின்றது. கொலைஞனைத் தேடத் தொடங்கிய ஈடிபஸ் நிமித்திகனை அழைப்பிக்கின்றான். அவன் உண்மையை முற்றும் அறிந்தவன். அறிந்தும் என் செய்தான்? வாய்திறக்க மறுத்தான், தன்னை வீட்டிற்கு அனுப்பிவிடுமாறு வேண்டினான். அக்கொலைக்கு அவனே உடந்தையென மன்னன் சினந்து பழித்த பின்னரே உண்மையை வெளியிட்டான். பூசலிடையே வீசப்பெற்ற அவ்வுண்மையை மன்னனும் நம்பவில்லை. நகர முதியோரும் நம்பத் துணியவில்லை. நிமித்திகனது கண்ணின்மையை மன்னன் எள்ளியது பெருங்குற்றமே; அதனை யாம் மறைக்கப் புகவில்லை.

ஆயின், பின் நிகழ்வனவற்றை நோக்குக. அரசி யொக்காஸ்தா உண்மையை முன்னுணர்ந்து, இனி ஆராயற்க என மன்றாடுகின்றாள். கிதைரோன் மலையில் விடுமாறு தன்னிடம் கொடுக்கப்பெற்ற குழந்தையை இரங்கிக் காத்த முதிய ஆயனும் சொல்ல மறுக்கின்றான். அறிந்தார் மூவரும் மறைக்க விழைகின்றனர். அறியாதான் ஒருவனே வெளிப்படுத்த விழைகின்றான். எந்நிலையிலும் அவன் தேடலை நிறுத்தியிருக்கலாம். தனக்குக் கேடு சூழ்வதை உணர்ந்த பின்னரும் அவன் நிறுத்தினானல்லன்.

ஆதலின் அவன் குருடானது அறியாமையின் அடையாளமன்று. யொக்காஸ்தாவின் ஆடையூசிகளால் தன் கண்களைக் குத்திக்கொண்ட அவன், மறுமையுலகில் தாய்தந்தையரை எக்கண்களாற் காண்பது எனக் காரணமும் கூறுகின்றான். உண்மையைக் கண்டமையாலேயே கண்ணிழந்தான் என்க. கிரேக்க மொழியில் 'அறிவேன்' எனப் பொருள்படும் 'ஒய்தா' என்னும் சொல், காண்டற்பொருளுடைய வேரினின்றே பிறந்தது. அம்மொழியாளர் செவியில் இந்நாடகம் எத்துணைக் கூர்மையாய் ஒலித்திருக்கும்!

புலவர் மறைந்தபின் கி. மு. 401-இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' என்னும் நாடகமும் எம் கருத்திற்கு அரண் செய்யும். தொடக்கத்தில் மகள் அந்திகொனே கைபிடித்து நடத்த வந்த அம்முதியோன், இறுதியில் எவர் துணையுமின்றி முன்னே நடக்கின்றான்; கண்ணுடைய புதல்வியரும் ஏதென்ஸ் மன்னன் தீசியூஸும் அவனைப் பின்தொடர்கின்றனர்.

தைரேசியஸின் அறிவு தெய்வம் தந்தது. ஈடிபஸின் அறிவோ அரசும் மனையும் கண்ணும் விலையாகக் கொடுத்துக் கொண்டது. அறிவை நாடிக் கல்லூரி புகுந்த நமக்கு இவ்விருவருள் அணுக்கன் ஈடிபஸே. நமக்கு உவப்பான விடை கிடைக்குமளவும் வினவி, உவவாத விடை எதிர்ப்படுங்கால் வினாவையே கைவிடுதல் எளிது. சமயத்திலும் வரலாற்றிலும் நம் சொந்த ஒழுக்கத்திலும் அவ்வெளிய வழி நம்முன் எப்பொழுதும் திறந்தே கிடக்கின்றது. அவ்வழியை ஈடிபஸ் கொள்ளவில்லை. அவனைக் குருடன் என்று கூறுமுன் இதனை எண்ணிப் பார்ப்போமாக.