நிறம் மாறிய சொற்கள்

ஆங்கில நாவல்களையும் நாடகங்களையும் தமிழாக்குவோர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. கதைத் தலைவியின் கூந்தலை மூல ஆசிரியர் எச்சொல்லால் வருணித்திருப்பினும், 'பொன்னிறக் கூந்தல்' என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வர். சிறிது சிவப்புக் கலந்த நிறமாயின் 'செம்பட்டை மயிர்' என்பர். ஆங்கிலேயரின் தலைமயிர் முழுவதும் இவ்விரண்டு தொடர்களுள் அடங்கிவிடுகிறது. இதனைச் சிறு குறையென்று நான் கருதவில்லை. நிறத்தைச் சுட்டும் சொல் நிறத்தை மட்டும் சுட்டுவதன்று. அது வழங்கிய காலத்தையும், அதனை வழங்கிய மக்களின் தொழிலையும், விருப்பு வெறுப்புக்களையும் உடன் சுமந்து வருகிறது.

'ஓபர்ன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய அகராதிகளில் இதற்குச் செம்மை கலந்த கபில நிறம் என்றே பொருள் காண்கிறோம். ஆனால் இச்சொல்லின் வேரோ வெண்மையைக் குறிக்கும் 'அல்புஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். அதிலிருந்து, வெண்மை சார்ந்தது என்ற பொருளில், 'அல்புர்னுஸ்' என்னும் சொல் இடைக்கால இலத்தீனில் வழங்கியது. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை வந்தடைந்தது. அப்பொழுது அது குறித்தது மஞ்சள் சாயலுடைய வெளிறிய நிறத்தையே.

வெண்மை எவ்வாறு கபிலமாயிற்று? குற்றம் கண்ணினுடையதன்று, காதினுடையது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில எழுத்துக்கூட்டு நிலைபெற்றிருக்கவில்லை. இச்சொல்லை 'அபுறூன்' என்றும் 'அபிறவுண்' என்றும் பலவாறு எழுதினர். அதனுள் கபிலத்தைக் குறிக்கும் 'பிறவுண்' என்னும் சொல் ஒளிந்திருப்பதாக மக்கள் செவிக்குத் தோன்றியது. ஒலி முன்னே செல்ல, பொருள் அதன் பின்னே சென்றது.

இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் சேக்ஸ்பியர் எழுதினார். 'வெரோனாவின் இரு கனவான்கள்' என்னும் நாடகத்தில், தன் காதலனின் மனத்தைக் கவர்ந்த சில்வியாவின் படத்தை யூலியா கையில் வைத்துக்கொண்டு இருவர் அழகையும் ஒப்பிடுகிறாள். சில்வியாவின் கூந்தலுக்கு 'ஓபர்ன்' என்ற சொல்லையும் தன் கூந்தலுக்கு மஞ்சளையும் கூறுகிறாள். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் இருவர் கூந்தலும் முற்றும் வேறானவை. பழைய பொருளை வைத்துப் படித்தாலோ, ஒன்று வெளிறிய மஞ்சள், மற்றொன்று நிறைந்த மஞ்சள். இவ்வளவு சிறு வேறுபாட்டுக்காகவா தான் கைவிடப்பட்டோம் என்று அவள் நெஞ்சம் வெதும்புவது அப்பொழுதே நமக்குப் புலனாகும். ஒரு சொல்லின் வயதைக் கேட்டறிவதனால் ஒரு பெண்ணின் துயரம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. 'கோரியோலேனஸ்' நாடகத்தின் 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஏபிராம்' என்றிருந்த நிறப்பெயரை 1685ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஓபர்ன்' என்று மாற்றி அச்சிட்டனர். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குள் பதிப்பாளரே சொல்லைத் திருத்த வேண்டியிருந்ததெனின், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இனித் தொழில் தந்த சொற்களைப் பார்ப்போம். 'பிளாக்ஸன்' என்பது லினன் துணிக்குரிய ஆளிச்செடியின் பெயரடியாகப் பிறந்தது. அச்செடியின் தண்டை நீரில் ஊறவைத்து, அடித்துச் சீவி எடுக்கும் நார் வெளிறிய வைக்கோல் நிறமாயிருக்கும். சீவும்போது கழியும் குறுந்தும்புக்கு வேறொரு பெயர் உண்டு. வெளிறிய தலைமயிருடைய சிறுவரை அத்தும்பின் பெயரைச் சேர்த்தே அழைத்தனர். இராட்டையும் நாரும் வீட்டுப் பொருள்களாயிருந்த காலத்தின் சொற்கள் இவை. 'பொன்' என்று மொழிபெயர்த்தால், ஏழைக் குடியானவன் வீட்டுக் குழந்தையின் தலையில் நாம் செல்வத்தை ஏற்றிவிடுகிறோம்.

விருப்பு வெறுப்பைச் சுமக்கும் சொல்லுக்கு 'ஃபெயர்' ஒன்றே போதும். முதலில் அதற்கு அழகு என்பதே பொருள். பிற்காலத்தில் வெளிறிய மேனியையும் வெளிறிய மயிரையும் அது குறிக்கலாயிற்று. அழகின் பெயரே ஒரு நிறத்தின் பெயராகிவிட்டால், ஏனைய நிறத்தார் அழகின் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். 1609இல் வெளிவந்த தம் பதினான்கடிப் பாக்களில் கருங்கூந்தற் பெண்ணொருத்தியைப் போற்றிய சேக்ஸ்பியர், இச்சொல்லின் இரு பொருளையும் மோதவிட்டே வாதாடுகிறார். அந்த மோதலை உணராத மாணவனுக்கு அப்பாக்கள் வெறும் புகழுரையாகவே தோன்றும்.

செம்மயிரைக் குறிக்கும் 'ஜிஞ்சர்' என்னும் சொல்லோ நமக்கு உறவுடையது. அதன் நேர்ப்பொருள் இஞ்சி. இஞ்சி, வேர் என்னும் திராவிடச் சொற்களின் கூட்டே பாளியில் 'சிங்கிவேர' என்றும், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' என்றும் திரிந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. இவ்வொரு சொல்லின் பயணத்தை ஆராய்ந்து அலன் றொஸ் என்பவர் 1952இல் ஒரு தனிநூலே வெளியிட்டார். காய்கறிக் கடைச் சொல் மனிதர் தலைக்கு ஏறியது எவ்வாறு? 1785இல் முதற்பதிப்புக் கண்ட தம் கொச்சைச்சொல் அகராதியில் பிரான்சிஸ் குரோஸ் இதற்கு விடை தருகிறார். சேவற்சண்டைக் களத்தில் செஞ்சேவல்களுக்கு இப்பெயர் வழங்கியதென்றும், அங்கிருந்தே அது மனிதருக்கு வந்ததென்றும் அவர் கூறுகிறார். ஆகவே இச்சொல்லில் ஏளனத்தின் சாயல் இருப்பதில் வியப்பில்லை. 'ஓபர்ன்' என்பது பாராட்டு. 'ஜிஞ்சர்' என்பது பெரும்பாலும் பகடி. இரண்டையும் 'செம்பட்டை' என்று எழுதினால் பாராட்டும் பகடியும் ஒன்றாகிவிடும். அன்றியும், நம் வழக்கில் செம்பட்டை என்பது எண்ணெய் காணாத, பேணுவாரற்ற தலையைக் குறிக்கும். ஆசிரியர் பேரழகியாகப் படைத்தவளை நாம் ஆதரவற்றவளாக்கி நிறுத்துகிறோம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்குறிப்பு எழுதினால் கதை சுவைக்குமா என்று சிலர் வினவலாம். அடிக்குறிப்பு வேண்டுமென்று நான் கூறவில்லை. மொழிபெயர்ப்பவர் அறிந்திருந்தாற் போதும். அறிவு தானாகவே தக்க சொல்லைத் தேடித் தரும். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் நிறம், ஆளிநார் நிறம், செம்பு மின்னும் கபிலம் என்று எழுதினால் எந்த வாசகருக்கும் விளங்கும். பகடி வேண்டிய இடத்தில் 'செஞ்சேவற் கொண்டை' என்று எழுதலாமே!

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய நூலொன்றைக் கற்பிக்கும்போது, இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று வினவுவதோடு நின்றுவிடாது, இந்நூல் எழுதப்பட்ட ஆண்டில் இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்றும் மாணவரை வினவுங்கள். அவ்வாறு வினவப் பழகியவன் ஆங்கில நூலை மட்டுமன்று, நம் சங்க நூல்களையும் பிழையின்றிப் படிப்பான்.