விட்டுச் சென்றோர் கணக்கு

ஒரு வகுப்பிலே குறைந்த மதிப்பெண் பெறும் மாணாக்கர் இடையில் நின்றுவிடின், எஞ்சியோரின் சராசரி தானே உயரும். அதுகொண்டு போதனை சிறந்ததென ஒருவர் கூறின் நாம் நகைப்போம். ஆயினும், ஒரே மாந்தரைப் பன்முறை அளந்து நடத்தும் வைத்திய ஆராய்ச்சிகளில் இப்பிழை எளிதில் நுழைந்துவிடுகின்றது.

பத்து நோயாளர் உளரெனக் கொள்வோம். மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் எண் ஐவர்க்கு 16, ஏனை ஐவர்க்கு 24, சராசரி 20. அளித்த மருந்தோ யாதொரு பயனுமற்றது. எட்டு வாரத்துள், கடுமையுற்ற ஐவரும் சலித்து வாராதொழிகின்றனர். இறுதியில் வந்தோரை மட்டும் அளந்தால் சராசரி 16. மருந்து நான்கு புள்ளி தணித்ததென்று அறிக்கை பிறக்கும். நோய் தணிந்தவரோ ஒருவருமிலர்.

அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் டொனால்டு ரூபின் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையினின்று, இவ்விடுபாடுகளை மூவகையாகப் பகுக்கும் முறை வளர்ந்தது. நோயோடு தொடர்பின்றி ஊர் மாறிச் செல்வது போன்றது முதல் வகை. முன்னரே பதிவான அளவு காரணமாக நீங்குவது இரண்டாம் வகை. மேற்கூறிய ஐவர் இத்தகையோர். கடைசியாக அளந்தபின் நோய் முற்றி, அம்முற்றிய நிலையாலேயே வாராதிருத்தல் மூன்றாம் வகை.

முதலிரண்டிற்கும் வழியுண்டு. நீங்கியோர் தந்த அளவுகளை எறிந்துவிடாது, ஒவ்வொருவர்க்கும் தனிப்போக்கு உண்டெனக் கொண்டு கணித்தல் வேண்டும். லேர்ட், வேயர் என்னும் அறிஞர் இருவர் 1982-இல் விளக்கிய முறை இதற்குப் பெரிதும் உதவும். மூன்றாம் வகையே இடர் மிக்கது. டிகிள், கென்வர்டு என்போர் 1994-இல் அதற்கும் ஒரு கணித மாதிரி வகுத்தனர். ஆயினும் அதன் முடிவு, சோதித்தறியவியலாத அனுமானங்களைச் சார்ந்தே நிற்கும். பதிவான எண்கள் தாமே இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் பிரித்துக் காட்டமாட்டா.

ஆகவே, கணிதத் திறமை மட்டும் போதாதென்பதே நம் கருத்து. மருந்தை நிறுத்தியவரையும் இறுதிவரை அளத்தல் வேண்டும். அவர் நீங்கிய காரணத்தைக் கேட்டு எழுதுதல் வேண்டும். பல அனுமானங்களின் கீழ்க் கணித்து, முடிவு எங்கே நிற்கின்றது, எங்கே சாய்கின்றது என்பதை மறையாது வெளியிடுதல் வேண்டும். நீங்கியவரின் கடைசி அளவையே பின்னைய நாட்களுக்கும் நிரப்பிவிடுவது எளிது; தக்க நியாயமின்றி அதனை முதன்மை முறையாகக் கொள்ளலாகாதென 2010-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு அறிவுறுத்தியது.

இவற்றிற்குப் பொருளும் உழைப்பும் மிக வேண்டுமே எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆனால், பயனற்ற மருந்தை நம்பி உண்போர் இழப்பது அதனினும் பெரிதன்றோ? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமை நாம் அனைவரும் அறிந்ததே. எண்ணுவோர்க்கும் அக்கடமை உண்டு.