ஒரு கோப்பை உங்களுக்கும்



எங்கள் வளவுகளில் பழத்துக்குக் குறைவில்லை. பப்பாசியை அணில் கோதி விழுத்தும். வாழைக்குலை இரண்டு நாளில் பழுத்துக் கறுத்துவிடும். கறுத்தக்கொழும்பான் காய்க்கும் காலத்தில் மாம்பழத்தைப் பகிர்ந்து கொடுக்க அயல் வீடுகள் போதாது. ஆனாலும் பிள்ளைகள் இனிப்புக் கேட்டால் கடையில் பக்கெற் பிஸ்கற்றோ நிறமூட்டிய ஐஸ் பழமோ வாங்கிக் கொடுத்துப் பழகிவிட்டோம்.

வீடுகளுக்குப் போகும்போது இன்னொன்றையும் காண்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த பூட் புறொசெசர் அலுமாரிக்கு மேல் பெட்டியோடு இருக்கும். ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். கறன்ற் பில் ஏறும் என்பது ஒன்று. பழுதாகிவிடும் என்ற பயம் மற்றது. மூன்றாவது பதில் தயங்கித் தயங்கித்தான் வரும்: "ஆருக்குப் பிள்ளை செய்யிறது?"

முதலில் பில்லைப் பார்ப்போம். 500 வாட்ஸ் இயந்திரம் ஒன்றை 3 நிமிடம் ஓட்டினால் செலவாகும் மின்சாரம் ஓர் அலகின் நாற்பதில் ஒரு பங்குதான். அதாவது 40 தடவை இனிப்புச் செய்தால்தான் 1 அலகு ஓடும். 

பழுதாகும் என்ற பயத்தில் நியாயம் உண்டு. இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். கனடா, அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ற்றுக்கு உரியவை. அவற்றை நேரே இங்கே செருகினால் கருகிவிடும். தகட்டில் 120 என்று மட்டும் இருந்தால் மின்சார வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் செருக வேண்டாம்.

மூன்றாவது பதிலுக்குத்தான் நான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. கணவர் இறந்த வீட்டில், மகன் காணாமற்போன வீட்டில், நல்ல நாளிலும் பாயாசம் வைக்காத தாய்மார் இருக்கிறார்கள். போர் முடிந்தது 2009இல். அப்போது மடியிலிருந்த குழந்தைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு அம்மா கையால் ஓர் இனிப்புச் சாப்பிட்ட நினைவே இல்லை. காத்திருப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பிள்ளையின் நாக்கில் ஒரு கரண்டி இனிப்பு வைப்பதால் போனவர்மேல் உள்ள பாசம் குறைந்துவிடாது. ஊர் ஏதும் சொல்லுமோ என்று நினைப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இந்த இயந்திரம் சிலருக்குக் கையாகவும் இருக்கிறது. செல் துண்டு பட்டு இடது கை விரல்கள் மடங்காத சகோதரி ஒருவர் எனக்குச் சொன்னார்: "கத்தியும் பழமும் ஒண்டாப் பிடிக்க ஏலாது. சுவிற்சை அமத்த ஏலும்தானே." அக்கம்பக்கத்தில் ஒருவர் பழத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால் மற்றதெல்லாம் அவரே செய்துவிடுகிறார்.

இனி செய்முறைகள்.

வாழைப்பழ ஐஸ்கிறீம்

தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழங்கள் 4 எடுத்து, வட்டமாக வெட்டி, தட்டில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் உறையும் பகுதியில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இயந்திரத்தில் போட்டு அரையுங்கள். முதலில் புட்டுமாப் போல உதிரும். பழுதாகிவிட்டது என்று நினைத்து நிறுத்த வேண்டாம். சுவரில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட்டு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினால் ஐஸ்கிறீம் போலவே திரண்டு வரும். சீனியோ பாலோ தேவையில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

பப்பாசிப்பழக் கடற்பாசி

இதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியதில்லை. கடற்பாசி 10 கிராமைக் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, இரண்டரைக் கோப்பைத் தண்ணீரில் முழுதாகக் கரையும்வரை காய்ச்சுங்கள். 4 மேசைக்கரண்டி சீனி சேருங்கள். பப்பாசிப்பழத்தை அரைத்து 2 கோப்பைக் கூழ் எடுத்து, தேசிக்காய்ப் புளி சிறிது விட்டுக் கலந்து வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கடற்பாசியில் இந்தக் கூழை ஊற்றிக் கலக்கித் தட்டில் வார்த்தால் ஆறியதும் உறைந்துவிடும். கூழ் குளிர்ந்திருந்தால் கடற்பாசி கட்டிபட்டுப்போகும். சாதாரண சூட்டில் இருக்கட்டும். கடற்பாசிக்குப் பதிலாக ஜெலற்றின் போட்டால் இது உறையாது. பச்சைப் பப்பாசியிலும் பழத்திலும் அன்னாசியிலும் உள்ள ஒரு சத்து ஜெலற்றினைக் கரைத்துவிடும். ஜெலற்றின் மிருகங்களிலிருந்து எடுப்பது. கடற்பாசி கடற்தாவரத்திலிருந்து வருவதால் சைவக்காரர், முஸ்லிம் சகோதரிகள் எல்லாருக்கும் ஏற்றது.

விளாம்பழமும் தேங்காய்ப்பாலும்

நன்கு பழுத்த விளாம்பழம் 2 உடைத்துச் சதையைத் தோண்டி எடுங்கள். ஒரு கோப்பைக் கட்டித் தேங்காய்ப்பால், தூளாக்கிய பனங்கட்டி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, விட்டு விட்டு நாலைந்து தடவை மட்டும் சுழற்றுங்கள். அதிகம் ஓடினால் விதை நொருங்கிக் கசக்கும். பின் அரிதட்டில் வடித்து எடுங்கள். தேங்காய்ப்பால் வெயிலுக்கு விரைவில் பழுதாகும். அன்றே சாப்பிட்டு முடியுங்கள்.

இவற்றைச் செய்யும்போது சில கவனங்கள் தேவை. அலகு சவர அலகு போலக் கூரானது. கழுவுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். நுரைத் தண்ணீருக்குள் அலகைப் போட்டு வைத்தால் தெரியாமல் கை வெட்டுப்படும். கொதிக்கக் கொதிக்க எதையும் மூடி அரைக்க வேண்டாம், ஆவி மூடியைத் தூக்கி எறியும். ஒரு நிமிடம் ஓட்டினால் சிறிது ஓய்வு கொடுங்கள். மாங்கொட்டை, விளாவோடு போன்ற கடினமானவை உள்ளே போகக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேர்க்காமல் செய்து, சிறிய கோப்பையில் அளவாக எடுங்கள். அரைத்த பழத்தை முழுப்பழத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுவோம்.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம். கிழமைத் தவணைக்காரர் படலையில் நிற்பதன் வேதனை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பப்பாசியும் விளாம்பழமும் மத்தாலும் அரிதட்டாலும் அழகாக மசியும். ஐஸ்கிறீம் ஒன்றுக்குத்தான் இயந்திரம் வேண்டும். மகளிர் சங்கத்தில் ஒரு இயந்திரம் சும்மா கிடந்தால், மாதத்தில் ஒரு நாள் பழங்களோடு அங்கே கூடிச் செய்யலாம்; கூடவே நாலு கதையும் கதைக்கலாம்.

நான் படித்த சமூகவியலில் வீட்டுவேலையைப் பற்றிப் பல பாடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் இன்றும் காண்கிறேன்: சமைப்பவளே கடைசியாகச் சாப்பிடுகிறாள், சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். இனிப்பு என்றால் மிஞ்சுவதே இல்லை. ஆகவே இந்த மாதம் ஒரு சின்ன வேலை தருகிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து கோப்பை வையுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்னரே உங்கள் கோப்பையை நிரப்பி, அவர்களோடு சேர்ந்து இருந்து சாப்பிடுங்கள். தனித்து வாழும் அம்மாமார் ஒரு கோப்பைக்கு மட்டுமென்றாலும் செய்யுங்கள். ஆருக்கு என்று கேட்டால், உங்களுக்குத்தான்.